லண்டன் போய்ச் சேராத ஊறுகாய்

பாரிஸ்
12.10.2025

அன்பான அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். லண்டனில் அக்காவைப் பார்த்துவிட்டு நேற்று இரவுதான் வந்தேன். "பக்கத்தில் இருந்துகொண்டு ஏன் இவ்வளவு நாளும் போகவில்லை?" என்று கேட்பீர்கள். முன்பு விசா என்று சொன்னேன். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வந்தபிறகு அந்தச் சாட்டும் போய்விட்டது.

பக்கம்தான் அம்மா. வானத்தால் அளந்தால் பாரிஸிலிருந்து லண்டன் சுமார் 340 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் உள்ளதைவிடக் கொஞ்சம்தான் கூட. பிளேன் டிக்கெட்டில் 9 மணிக்கு வெளிக்கிட்டு 9.20க்கு இறங்குவதாகப் போட்டிருந்தது. 20 நிமிஷமா என்று சிரித்தேன். லண்டன் மணிக்கூடு எங்களுக்கு ஒரு மணித்தியாலம் பின்னால். அதனால் போகும்போது 20 நிமிஷம், வரும்போது 2 மணி 20 நிமிஷம் மாதிரித் தெரியும். உண்மையில் இரண்டுமே 1 மணி 20 நிமிஷம்தான். அதிலும் ஒரு பங்கு ஓடுபாதையில் வரிசையில் நிற்கிற நேரம். தேத்தண்ணி குடித்து முடிக்கக் கீழே கடல் தெரிந்தது. கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்கள், இறங்கப் போகிறோம் என்றார்கள்.

ஆனால் அந்தக் கணக்கை நம்பாதீர்கள். லாக்கூர்நெவில் வீட்டுக் கதவைப் பூட்டும்போது காலமை 6 மணி. ஈஸ்ட்ஹாமில் அக்கா கதவைத் திறக்கும்போது அங்கே 12, இங்கே 1. பாஸ்போர்ட் வரிசை, ஹீத்ரோவிலிருந்து ஊருக்குக் குறுக்கே நிலத்தடி ரயில், நடுவில் ஒரு மாற்றம். ஏழு மணித்தியாலம்! ஊரில் யாழ்தேவி ரயிலில் ஏறியிருந்தால் கொழும்புக்குக் கிட்டப் போயிருப்பேன்.

இனிச் சொல்லப் பயந்த விஷயம். நீங்கள் அக்காவுக்கென்று கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாய் போய்ச் சேரவில்லை. பெட்டி போட்டால் தனிக்காசு என்று கைப்பையோடு மட்டும் போனேன். 100 மில்லிலீட்டருக்கு மேல் தண்ணிச் சாமான் விடமாட்டார்கள் என்று தெரியும். ஊறுகாயும் அதில் சேருமென்று எனக்குப் படவில்லை. சோதனை செய்த பெண் ஹோர்லிக்ஸ் போத்தலைத் திறந்து, நீங்கள் வாயில் கட்டிவிட்ட வெள்ளைத் துணியை அவிழ்த்து மணந்து பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. "அம்மா செய்ததா?" என்று கேட்டாள். பிறகு குப்பைத் தொட்டியில் போட்டாள். துணியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்கா சிரித்தாள், பிறகு கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. ரயிலில் வந்திருந்தால் போத்தலை அப்படியே கொண்டுவந்திருக்கலாம் என்று அத்தான்தான் சொன்னார். அதில் இந்த 100 மில்லிலீட்டர்ச் சட்டம் இல்லையாம். லாச்சப்பலில் நான் வேலை செய்கிற கடையிலிருந்து கார் து நோர் ஸ்டேஷன் நடக்கிற தூரம். இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட் சோதனையும் ஏறுமுன் அங்கேயே முடிந்துவிடும். 2 மணி 20 நிமிஷத்தில் லண்டன் நடுவில் இறக்கிவிடும், அங்கிருந்து ஈஸ்ட்ஹாமுக்கு ஒரே ரயில். நடுவில் 50 கிலோமீட்டர் சுரங்கம், அதில் 38 கடலுக்கு அடியில். 1994இல் திறந்தது. கடலுக்குக் கீழே போக எனக்குப் பயம் என்று வையுங்கோவன். டிக்கெட்டும் பிளேனைவிட விலை.

தைப்பொங்கலுக்கு ரயிலில்தான் போகிறேன். மார்கழியில் யாராவது இங்கே வந்தால் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். இந்தமுறை இரண்டு போத்தல். ஒன்று எனக்கு.

உங்கள் அன்பு மகன்