குழந்தையின்மை சிகிச்சையில் காற்றைப் பற்றியும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருவொற்றியூரில் எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறோம். மகனுக்குத் திருமணமாகி ஐந்தாறு வருடம் ஆகிறது. மருமகளிடம் "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எடையைக் குறை, வேலையை விடு, இராமேஸ்வரம் போய் வா என்று ஆளுக்கொரு யோசனை. மகனை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சிகிச்சைக்குப் போன இடத்தில் மாதவிலக்கு, தைராய்டு, சர்க்கரை, சொந்தத்தில் திருமணமா என்று எல்லாம் விசாரித்தார்கள். தேவையான கேள்விகள்தான். கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் பார்த்தபோது, வயதுக்கு இருக்கவேண்டிய அளவு இல்லை என்று வந்தது. நாள் முழுக்க எந்தக் காற்றில் இருக்கிறாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அவள் சாலையோரக் கடை ஒன்றில் பில் போடுகிறாள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இன்ஜினை அணைக்காமல் கடை வாசலிலேயே வரிசைகட்டி நிற்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கரி. வீட்டிலும் மொட்டைமாடிக் கொடியைத் துடைக்காமல் வெள்ளைத் துணி காயப்போட முடியாது. வடக்கே அனல்மின் நிலையம், மேற்கே மணலி ஆலைகள், கொஞ்சம் தள்ளிக் கொடுங்கையூர் குப்பைமேடு. காற்று எப்படித் திரும்பினாலும் எங்களுக்கு ஏதோ ஒன்று வந்து சேர்ந்துவிடுகிறது.

பி.எம். 2.5 என்னும் நுண்துகள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அதில் மிக நுண்ணியவை நுரையீரலைத் தாண்டி ரத்தத்திலேயே கலந்துவிடும். பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் நச்சுக்கொடியில், அதுவும் சிசுவின் பக்கத்தில், கரித்துகள்களைக் கண்டார்கள். அதே ஆண்டு இத்தாலியின் மொடேனாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்தபோது, மாசு மிகுந்த இடங்களில் வாழ்பவர்களிடம் ஏ.எம்.எச். குறைந்திருந்தது. காற்றில் பி.எம். 2.5 துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட அளவோ 40.

என் மருமகளின் பிரச்சினைக்குக் காற்றுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. வயது, பரம்பரை, வேறு நோய்கள் என்று எத்தனையோ இருக்கலாம். ஆனால் பழி முழுவதையும் அவள் ஒருத்தியே சுமக்கிறாளே, அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. மாமியார் நான் இதை எழுதாமல் வேறு யார் எழுதுவது?

எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில், குழந்தையின்மை சிகிச்சைக்கு வரும் கணவன், மனைவி இருவரும் எங்கே வசிக்கிறார்கள், எங்கே வேலை பார்க்கிறார்கள், பக்கத்தில் ஆலையோ லாரிச் சாலையோ குப்பைமேடோ இருக்கிறதா என்று கேட்டுக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். நாலைந்து வருடம் எழுதினால், எந்தத் தெருக்களிலிருந்து அதிகம் பேர் வருகிறார்கள் என்பது அரசுக்கே தெரிந்துவிடும். அப்புறம், வரிசையில் நிற்கும் லாரிகள் இன்ஜினை அணைக்கவேண்டும் என்பதைப் போக்குவரத்துப் போலீசார் இன்றைக்கே அமல்படுத்தலாம். அதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்.

உங்கள் நாளிதழிலும் இதைப் பற்றி மகப்பேறு மருத்துவர் ஒருவரை விரிவாக எழுதச் சொல்லுங்கள். எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதை நானே போடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவொற்றியூர், சென்னை.