இரண்டாவது தடவையும் வாருங்கள்

மனநல மரபியல் ஆய்வு செய்கிறவர்களுக்கு,

வணக்கம். பாலக்கோடு பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன்பு ஓர் ஆய்வுக் குழு எங்கள் வீட்டுக்கு வந்தது. அண்ணனுக்கு மனச்சிதைவு நோய்; 25 வருடத்துக்கு மேலாக மாத்திரையிலும் ஊசியிலும் ஓடுகிறது. அவரிடம் ரத்தம் எடுத்தார்கள், அம்மாவிடமும் என்னிடமும் எடுத்தார்கள். அப்புறம் ஒரு படிவம். 'சொந்தத்தில் கல்யாணமா?' என்று அதில் ஒரு கேள்வி. ஆமாம், அம்மா கட்டியது தாய்மாமனை. எங்கள் பக்கம் அது அதிசயமில்லை. ஆனால் கேள்வி திண்ணையில் இருந்தவர்கள் காதிலும் விழுந்துவிட்டது. 'பார்த்தியா, ரத்தத்துலயே இருக்குதாம்' என்று சாயங்காலத்துக்குள் தெருவே பேசியது. இரண்டு நாள் அம்மா குழாயடிக்குப் போகவில்லை. நான்தான் குடம் தூக்கினேன்.

கேட்டது தப்பு என்று சொல்ல வரவில்லை. இந்த நோயோடு தொடர்புடைய 287 இடங்கள் மரபணுத் தொகுதியில் இருப்பதாக 2022இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. 76,755 நோயாளிகளின் கணக்கு அது. ஒவ்வோர் இடத்தின் பங்கும் துளியூண்டு. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால் எங்கள் ரத்தமும் உங்களுக்கு வேண்டும். சரி, தருகிறோம். ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் கூடப்பிறந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு வரலாம் என்பது வெகுநாள் கணக்கு. மீதி ஒன்பது பேருக்கு வராது. அந்த ஒன்பதைத் திண்ணைக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நான் பேச வந்தது அம்மாவைப் பற்றி. உங்கள் படிவத்தில் அவர் 'நோயற்ற உறவினர்'. அண்ணன் மாத்திரை வேண்டாமென்று முரண்டு பிடிக்கிற நாளில், ராகிக் களி உருண்டையில் கட்டைவிரலால் குழி போட்டு, பொடித்த மாத்திரையை உள்ளே வைத்து மூடி, கீரைக் கடைசலை மேலே ஊற்றித் தருவார். கடைசிக் கவளம் தொண்டையில் இறங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். (டாக்டருக்கு இது பிடிக்காது. தெரியும்.) ராத்திரி தாழ்ப்பாள் அசைந்தால் போதும், டார்ச்சோடு எழுந்துவிடுவார். 66 வயது. பார்த்தால் எண்பது சொல்வீர்கள்.

பார்வைக்கு மட்டும்தானா என்பது என் கேள்வி. முந்தானை நூல் பிரியாமல் இருக்கக் குஞ்சம் முடிகிறோமே, அதுபோல மரபணுக்களைச் சுமக்கிற ஒவ்வொரு குரோமோசோமின் நுனியிலும் டெலோமியர் இருக்கிறது. செல் பிரியப் பிரிய அது குறுகும். அது எப்படிக் காக்கப்படுகிறது என்று கண்டவர்களில் ஒருவரான எலிசபெத் பிளாக்பர்னுக்கு 2009இல் நோபல் கிடைத்தது. அவரும் எலிசா எபெலும் சேர்ந்த குழு 2004இல் 58 தாய்மார்களின் ரத்தத்தைப் பார்த்தது. நீண்டநாள் நோயுள்ள பிள்ளையை வளர்ப்பவர்கள் அதில் பெரும்பகுதி. எத்தனை வருடம் கவனித்தார்களோ அதற்கேற்ப டெலோமியர் குறுகியிருந்தது. மனஉளைச்சல் மிக அதிகமென்று சொன்னவர்களின் செல்கள், குறைவென்று சொன்னவர்களுடையதைவிடப் பத்து வருடமாவது மூப்பாகத் தெரிந்தன. சின்ன ஆய்வுதான். அந்த அளவை வைத்து ஒரு ஆளின் ஆயுளைச் சொல்லவும் முடியாது. ஆனாலும் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மாவின் ரத்தமும் உங்கள் உறைபெட்டியில்தான் இருக்கிறது. மகனுக்கு எதைக் கொடுத்தார் என்று அதில் தேடுகிறீர்கள். மகனைப் பார்த்துப் பார்த்து அவர் எதை இழந்தார் என்பதையும் அதிலேயே தேடலாமே. படிவத்தில் ஒரு வரி போதும்: எத்தனை வருடமாகப் பார்த்துக்கொள்கிறீர்கள், ராத்திரி எத்தனை தடவை எழுகிறீர்கள். சர்க்கரையும் பிரஷரும் பார்த்து அங்கேயே சொல்லிவிடுங்கள். வந்த குழு அதைக்கூடச் செய்யவில்லை.

டெலோமியரை ஒரே தடவை அளந்தால் தேய்ந்ததா, பிறவியிலேயே குட்டையா என்று தெரியாது என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே இரண்டாவது தடவை வருவது எங்களுக்குச் செய்கிற உபகாரம் இல்லை, உங்கள் வேலைதான். போனவர்கள் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. 'ஊசி போட்டதே தெரியாம ரத்தம் எடுத்துச்சே, அந்தப் புள்ள மறுபடி வரலியா?' என்று அம்மா இன்னும் கேட்கிறார்.

வருவதானால் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். மாதத்தின் முதல் புதன்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு அண்ணனுக்கு ஊசி போட தர்மபுரி போய்விடுவோம்.

இப்படிக்கு,
படிவத்தில் இன்னொரு 'நோயற்ற உறவினர்'