அந்தப் படத்துக்குக் கீழே இன்னும் இரண்டு வரி

ஜெர்மன் பேரரசுக் காலத்துக் கேலிச்சித்திரங்களைக் கண்காட்சி வைப்பவர்களுக்கும் புத்தகமாகத் தொகுப்பவர்களுக்கும்,

வணக்கம். 1907-இல் மியூனிக்கின் 'யூகெண்ட்' இதழில் வந்த 'புதிய பிரஷ்ய அரசுச் சின்னம்' படம் உங்கள் தொகுப்புகளில் தவறாமல் இருக்கிறது. இருக்கட்டும், நல்ல படம்தான். கேடயத்தின் இருபுறமும் விறைப்பாக நிற்க வேண்டிய காட்டு மனிதர்கள் அதில் காதலர்களைப் போலக் குழைகிறார்கள். கூடவே 'லீபன்பர்க் வடிவமைப்பு' என்று ஒரு குத்தல். ஜெர்மன் பேரரசர் (கைசர்) இரண்டாம் வில்ஹெல்மின் உயிர் நண்பர், இளவரசர் ஆய்லன்பர்கின் மாளிகை இருந்த ஊர் அது. முதலில் பார்த்தபோது நானும் சிரித்தேன்.

'அதிகாரத்துக்கு அஞ்சாத ஓவியங்கள்' என்ற வரிசையில் அதைச் சேர்க்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது.

1898-ஐப் பாருங்கள். கைசரின் பாலஸ்தீனப் பயணத்தைக் கிண்டலடித்து 'சிம்ப்ளிசிஸ்ஸிமுஸ்' என்ற கேலி இதழின் அட்டையில் தாமஸ் தியோடர் ஹைனே வரைந்தார். அரச நிந்தனை என்று ஆறு மாதம் கோட்டைச் சிறை. அதே இதழில் கவிதை எழுதிய வேடகிண்டும் உள்ளே போனார். பதிப்பாளர் லாங்கன் நாட்டை விட்டே ஓடி, சில வருடம் வெளியிலேயே இருந்தார். (இதழின் விற்பனை எகிறியது, அது வேறு கதை.)

1907-இல் நடந்தது வேறு. ஆய்லன்பர்கையும் பெர்லின் நகரத் தளபதி குனோ ஃபொன் மோல்ட்கேயையும் இதழாசிரியர் ஹார்டன் முதலில் ஓரினக் காதலர்கள் என்று ஜாடையாகச் சீண்டினார், அப்புறம் வழக்கு, சாட்சி, கூண்டு. கைசரின் காதில் இவர்கள் ஓதுகிறார்கள், பிரான்ஸ் விஷயத்தில் மென்மையாக இருக்கிறார்கள் என்பதே ஹார்டனின் அரசியல் கோபம். படுக்கையறை, கைக்கு அகப்பட்ட கல். ஓவியர்கள் செல்வாக்கை விட்டுவிட்டு அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டார்கள். கைசரைத் தொட்டால் சிறை. இவர்களைத் தொட்டால் சட்டமே துணைக்கு வரும். ஆண்கள் இருவரின் உறவைக் குற்றமாக்கிய 175-ஆம் பிரிவு அது. அந்த எண்ணே ஜெர்மன் பேச்சில் வசையாகிவிட்டது. ஆய்லன்பர்குக்கு மாளிகையாவது இருந்தது. உடல்நிலையைக் காட்டி வழக்கிலிருந்தும் தப்பினார். அதே பிரிவுக்குப் பயந்து வாழ்ந்த சாதாரண ஆட்களுக்கு அந்தச் சிரிப்பு எப்படிக் கேட்டிருக்கும்?

அடுத்த முறை ஹைனேயின் அட்டையையும் இந்தச் சின்னத்தையும் அருகருகே மாட்டுங்கள். சின்னத்துக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள்: 175-ஆம் பிரிவை 1935-இல் நாஜிகள் இன்னும் கடுமையாக்கினார்கள், அது முழுதாக நீங்கியது 1994-இல்.

இப்படிக்கு,
உங்கள் கண்காட்சிகளைத் திரையில் மட்டுமே பார்க்கும் ஒரு வாசகன்