செனாயில் விமானம் பார்க்கப் போகிறவர்களுக்கு டாஃப் படிக்கத் தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் கூலாய் வட்டாரத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செனாய் விமான நிலையத்துக்கு விமானம் பார்க்கக் கிளம்பும் குடும்பங்கள் பல. கைப்பேசியில் மின்னல் படத்தைப் பார்த்ததும் பயணத்தையே கைவிடுவோர் உண்டு. மழையே இல்லாத நாளில், ஓடுபாதையின் எதிர்முனையில் வெயிலில் காய்ந்துவிட்டுத் திரும்புவோரும் உண்டு. இரண்டையும் தவிர்க்க ஒரே வழி, விமானிகளுக்காக மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் டாஃப் எனும் விமான நிலைய வானிலை முன்னறிவிப்பைப் படிப்பதுதான். இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். செனாயின் குறியீடு டபிள்யூஎம்கேஜே. உங்கள் நாளிதழின் வார இறுதி வானிலைப் பெட்டியில் இதை மலேசிய நேரத்துக்கு மாற்றி இரண்டே வரியில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதோடு வரும் மெட்டார் என்ற அறிக்கை, விமான நிலையத்தில் இப்போது நிலவும் வானிலையைச் சொல்வது. டாஃப் என்பது இனி வரப்போவது. பொதுவாக 24 அல்லது 30 மணி நேரத்துக்குச் சொல்லி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாக வெளியிடுவார்கள். அது விமான நிலையத்தைச் சுற்றி ஏறத்தாழ 8 கிலோமீட்டருக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் தோட்டத்தில் மழை கொட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமல் போகலாம்.

பெரும்பாலோர் தவறுவது நேரத்தில்தான். டாஃப்பில் உள்ள நேரமெல்லாம் உலகப் பொது நேரம்; நம் நேரத்துக்கு 8 மணி கூட்ட வேண்டும். முதல் இரண்டு இலக்கம் தேதி, அடுத்த இரண்டு மணி. 0607/0611 என்றிருந்தால் 6ஆம் தேதி பிற்பகல் 3 மணி முதல் இரவு 7 மணி வரை. அதைக் காலை 7 மணி என்று எடுத்துக்கொண்டால் நல்ல காலைப் பொழுது வீணாகும். 0522 என்பது 5ஆம் தேதி இரவு 10 மணி அல்ல, நமக்கு 6ஆம் தேதி காலை 6 மணி. தேதியும் மாறும் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்தது காற்று. 16007 என்றால் 160 பாகையிலிருந்து 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகத்தில் வீசுகிறது என்று பொருள். எண் காட்டுவது காற்று வரும் திசையை, போகும் திசையை அல்ல. விமானம் காற்றை எதிர்த்தே இறங்கும். செனாய் ஓடுபாதையின் எண்கள் 16, 34; அதாவது விமானம் ஏறத்தாழ 160 அல்லது 340 பாகையை நோக்கி இறங்கும். ஆகவே காற்றின் பாகை 70க்கும் 250க்கும் இடையில் இருந்தால் 16ஆம் எண் பயன்படும். விமானங்கள் வடக்கே செம்பனைத் தோட்டங்களின் மேல் தாழ்ந்து வரும். மற்றபடி 34, ஜொகூர் பாரு பக்கமிருந்து வரும். தென்மேற்குப் பருவத்தில் பெரும்பாலும் முதலாவது, வடகிழக்குப் பருவத்தில் இரண்டாவது. ஆனால் 5 நாட் வேகத்துக்குக் குறைந்த காற்று எதையும் முடிவு செய்யாது. பயணிகள் ஜெட் விமானங்கள் பொதுவாக 10 நாட் வரை பின்காற்றோடு இறங்கலாம் என்பதால், கட்டுப்பாட்டு கோபுரம் தனக்கு வசதியான முனையைத் தரும். அப்படிப்பட்ட நாளில் முதல் இரண்டு விமானங்கள் எந்தப் பக்கம் இறங்குகின்றன என்று பார்த்துவிட்டுப் பிறகு இடம் பிடியுங்கள்.

டெம்போ என்ற சொல்லைக் கண்டு பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகவும், மொத்தத்தில் குறிப்பிட்ட நேரத்தில் பாதிக்கும் குறைவாகவும் நீடிக்கும் மாற்றத்தையே டெம்போ என்கிறார்கள். மேலே சொன்ன நான்கு மணி நேரத்துக்கு டெம்போ டிஎஸ்ஆர்ஏ என்று போட்டிருந்தால், இடிமழை கூட்டிப் பார்த்தாலும் இரண்டு மணி நேரத்தை எட்டாது. மாறாக, எஃப்இடபிள்யூ015சிபி என்பதை அலட்சியம் செய்யாதீர்கள். வானத்தில் எட்டில் ஒன்றிரண்டு பங்குதான் மேகம், ஆனால் அது 1500 அடியில் அடித்தளம் கொண்ட இடிமேகம். அத்தகைய மேகம் கரையும்போது கீழே குளிர்ந்த காற்றைக் கொட்டும். சில நிமிடங்களில் காற்று முழுவதுமாகத் திசை மாறும். 16இல் இறங்க வந்த விமானம் மீண்டும் மேலேறி, சுற்றிவந்து 34இல் இறங்கும். அனுபவமுள்ள பார்வையாளர்கள் இதற்காகவே பிற்பகலில் காத்திருப்பார்கள். சுமத்ரா சூறைக்காற்று வேறு வகை. அது நீரிணையைக் கடந்து பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ வரும்.

மெட்டாரில் காற்றழுத்தம் மாலை 4 மணிக்குக் குறைந்திருப்பதைப் பார்த்துப் புயல் வருகிறது என்று எண்ண வேண்டாம். நம் நாட்டில் தினமும் காலை 10 மணிவாக்கில் அழுத்தம் ஏறி, மாலை 4 மணிவாக்கில் ஏறத்தாழ 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கும். வெப்பநிலையும் பனிநிலையும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) 24/24 என்று ஒன்றாக இருந்தால் பள்ளத் தோட்டங்களில் மூடுபனி இருக்கக்கூடும். எட்டு மணிக்கு மேல் போனால் போதும். எச்இஸட் என்றால் புகைமூட்டம். பார்வைத் தூரம் 3000 மீட்டர் என்றால் படம் எடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

காலையில் ஓடுபாதைக்குக் கிழக்கேயும் மாலையில் மேற்கேயும் நின்றால் வெயில் முதுகுப்புறம் இருக்கும். பட்டமும் ட்ரோனும் அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. இதில் பெற்றோர் கண்டிப்பாக இருக்க வேண்டும். இடி கேட்டால் உடனே காருக்குள் போய்விடுங்கள், கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே வெளியே வரலாம்.

பெட்டியில் வர வேண்டியவை மூன்று: காற்றின் பாகையும் வேகமும், டெம்போ மணிகள், மிகக் குறைந்த பார்வைத் தூரம். வெள்ளிக்கிழமை மாலை 7 மணியை ஒட்டி வெளியாகும் டாஃப் இரவு 8 மணிக்குத் தொடங்கி மறுநாள் இரவு 8 மணி வரையாவது செல்லும். சனிக்கிழமைப் பதிப்பு அச்சுக்குப் போகுமுன் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகர், கூலாய், ஜொகூர்