பொழுதுபோக்குக்கு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'பதின்ம வயதினருக்கான நாவல்கள் பொழுதுபோக்குக்குச் சரி, இனவெறியைப் புரிந்துகொள்ள வரலாறுதான் படிக்க வேண்டும்' என்று சென்ற இதழ்க் கட்டுரையில் ஒரு வரி வந்ததே, அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 20 வருஷமாக வீட்டுக்கு வரும் பத்திரிகை என்பதால்தான் எழுதுகிறேன்.

என் மகள் அடிமை முறை, மார்ட்டின் லூதர் கிங் எல்லாம் பாடத்தில் படித்து நல்ல மார்க்கும் வாங்கியவள். ஒரு கேள்வி கேட்டதில்லை. 15 வயதில் அமெரிக்க எழுத்தாளர் ஆஞ்சி தாமஸின் 'தி ஹேட் யு கிவ்' நாவலைப் படித்தாள். ஸ்டார் என்ற கறுப்பினப் பெண்ணும் அவள் நண்பன் கலீலும் போகும் காரைப் போலீஸ் நிறுத்துகிறது, கலீலைச் சுட்டுவிடுகிறார்கள், துப்பாக்கி என்று நினைத்தது கடைசியில் தலைவாரும் பிரஷ். அன்று ராத்திரி புத்தகத்துக்குள் விரலை வைத்தபடியே வந்து நின்றாள். "போலீஸ் நிறுத்தினா கை தெரியற மாதிரி வெச்சுக்கணும், சட்டுனு அசையக் கூடாதுன்னு ஸ்டாருக்கு 12 வயசுலயே வீட்ல சொல்லித் தந்திருக்காங்க. நீ ஏம்மா எனக்குச் சொல்லல?" உனக்கு அதற்கு அவசியம் வரவில்லை என்று சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. அப்புறம் அவளாகவே சொன்னாள், வகுப்பில் எது காணாமல் போனாலும் ஒரே ஒரு பெண்ணின் பையைத்தான் முதலில் திறந்து பார்ப்பார்களாம். அத்தனை நாள் அது அவளுக்குத் தப்பாகவே படவில்லை.

2009-ல் அமெரிக்காவின் ஓக்லண்ட் ரயில் நிலையத்தில் ஆஸ்கர் கிராண்ட் என்ற கறுப்பின இளைஞர் போலீஸால் சுடப்பட்ட பிறகு, கல்லூரியில் படிக்கும்போது சிறுகதையாக ஆஞ்சி தாமஸ் எழுதத் தொடங்கியதுதான் இது. இதில் வரலாற்றை எங்கே பிரித்து வைப்பது?

2018-ல் இந்தக் கதை படமாக வந்தபோது விமர்சனம் போட்டீர்கள், நாவல் என்று ஒரு வார்த்தை இல்லை. அப்போதே எழுதினேன், பதில் வரவில்லை. மகளின் பள்ளி நூலகத்திலோ, கெட்ட வார்த்தை இருக்கிறதென்று யாரோ ஒரு பெற்றோர் புகார் சொன்னதும் புத்தகத்தையே எடுத்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று என்னிடமே கேட்டார்கள். 1955-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் இனவெறியர்களால் கொல்லப்பட்டபோது கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லுக்கு வயது 14.

உங்களுக்குத் தெரியாததில்லை. அமெரிக்காவில் 3 ஆண்டுகளில் வந்த 5,000-க்கும் மேற்பட்ட சிறுவர் புத்தகங்களைக் கல்வியாளர் நான்சி லாரிக் அலசி 1965-ல் எழுதினாரே, கறுப்பினத்தவர் ஒருவராவது வந்தவை 7 சதவீதம்கூட இல்லை. அந்த நிலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்த எழுத்தை ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே.

கட்டுரையாளர் வருத்தம் தெரிவிக்க வேண்டாம். மாதம் அரைப் பக்கம், இந்த வயதுக்காரர்களுக்கான ஒரு நாவலின் அறிமுகம், பதிப்பகத்தின் பெயரோடு போடுங்கள். அது போதும்.

அன்புடன்,
நெடுநாள் வாசகி