சீட்டை எங்கள் கையில் கொடுக்காதீர்கள்

இராமநாதபுரம் கடற்கரைக்கு மருந்து ஆய்வு நடத்த வரும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன் கால் புண்ணுக்கான புதுக் களிம்பு ஒன்றைச் சோதிக்க இங்கே ஒரு குழு வந்தது. யாரென்று சொல்லப்போவதில்லை. பதிவேட்டில் பெயர் எழுதும் வேலை எனக்கு. நடந்த தப்பில் எனக்கும் பங்கு உண்டு, அதனால்தான் இந்த மடல்.

வாரத்தில் மூன்று நாள் வருகிறவர்களுக்குப் புதுக் களிம்பு, மற்ற நாள் வருகிறவர்களுக்குப் பழையது. இதுதான் ஏற்பாடு. ஊரில் யாரிடம் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மீதி நான்கு நாள். விசைப்படகு கடலுக்குப் போன அன்று முகாமில் நாட்டுப்படகு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். மறுநாள் அப்படியே தலைகீழ். நாட்டுப்படகுக்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோய்ப் படகேறுகிறவர். விசைப்படகுக்காரர் ஐஸும் டீசலும் கலந்த தளத்தில் நிற்கிறவர். இரண்டு காலும் ஒரே காலா? எது ஆறினாலும் அது களிம்பின் வேலையா, தொழிலின் வேலையா என்று பிரிக்க முடியாது.

அப்புறம் என் பங்கு. எந்த நாளில் எந்தக் களிம்பு என்பது எனக்குத் தெரியும். பாசி எடுக்கப் போகும் என் சித்திக்குச் சர்க்கரைப் புண், துணி சுற்றிய கட்டைவிரலோடு செவ்வாய்க்கிழமை வந்து நின்றார். "இன்னைக்கு வேண்டாம் சித்தி, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினேன். பாசத்தில் செய்தது. நான் ஒருத்தி மட்டும் செய்திருப்பேனா?

உங்களுக்குத் தெரியாததல்ல. பிரிட்டனில் 1948-இல் வெளியான, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் ஆய்விலேயே யாருக்கு எது என்பதை மூடிய உறைக்குள் வைத்தார்கள். நோயாளியைச் சேர்த்த பிறகுதான் உறையைப் பிரித்தார்கள். நம் சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வில், வீட்டில் வைத்து வைத்தியமா, சானடோரியத்திலா என்பதையே குலுக்கலில் முடிவு செய்தார்கள். வீட்டு வைத்தியமும் ஏறக்குறைய அதே அளவு பலன் தந்தது. யாருக்கு வீடு என்று வார்டுக்காரர் தன் இஷ்டத்துக்குப் பிரித்திருந்தால் அதை யார் நம்பியிருப்பார்கள்?

எங்கள் மகளிர் குழுக் குலுக்கல் சீட்டில்கூட எழுத்துத் தெரியாத சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டுத்தான் எடுக்கச் சொல்வோம். அதுவும் எல்லாப் பெயரையும் எழுதி மடித்த பிறகு. நீங்களும் ஆளைச் சேர்த்து, சம்மதம் வாங்கி, பெயரை எழுதிய பிறகு உறையைப் பிரியுங்கள். பட்டியலும் உறையும் ஊர்க்காரர் கையில் வேண்டாம், என் கையில் நிச்சயம் வேண்டாம்.

இன்னொன்று. "நீங்க தேர்வாகியிருக்கீங்க" என்று சொல்லாதீர்கள். வேலை கிடைத்த மாதிரி சந்தோஷப்படுகிறார்கள். இது குலுக்கல், எது நல்லதென்று எங்களுக்கே இன்னும் தெரியாது, நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொல்லுங்கள். புரிந்துகொள்வார்கள். 2009 ஜூன் முதல் நாட்டில் எந்த மருந்து ஆய்வையும் பதிவு செய்தாக வேண்டும் அல்லவா, அந்தப் பதிவு எண்ணை முகாம் வாசலில் எழுதி ஒட்டுங்கள்.

சித்திக்குப் புண் ஆறிவிட்டது. அந்த ஒரு மாதம் அவர் கடலுக்கும் போகவில்லை.