ஆண்டறிக்கை: கட்டைவிரலோடு போன வருடம்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். போன வருட அறிக்கை மூன்று மாதம் தாமதம், இந்த முறை மூன்று வாரம்தான், அதை முன்னேற்றமாக எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் குடியிருந்துகொண்டு, அந்த ஊர் புகழ்பெற்ற கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையைக் கிட்டாரில் வாசிக்கத் தெரியாமல் இருக்கிறோமே என்று வெட்கப்பட்டு ஐந்து பேர் ஆரம்பித்த சங்கம் இது. இப்போது 14 பேர், சனிக்கிழமை தவறாமல் வருகிறவர்கள் ஒன்பது பேர். கூடும் இடம் அதே கார் ஷெட்தான்.

இந்த வருடம் என்ன கற்றோம்? கட்டைவிரல். சோலோ (தனி வாசிப்பு) எப்போது, சோலோ எப்போது என்று ஜூன் வரை என்னைத் துளைத்தெடுத்தவர்கள் மன்னிக்கவும். ப்ளூஸ் கலைஞர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-இல் பதிவு செய்த பாட்டுகளைக் கேட்டால் இரண்டு பேர் வாசிப்பதுபோல இருக்கும், ஆனால் ஒரே ஆள்தான். கட்டைவிரல் தடித்த கம்பிகளில், சி கார்ட் (சேர்த்து ஒலிக்கும் சுரக் கூட்டு) என்றால் ஐந்தாவது கம்பி, நான்காவது கம்பி என்று மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பாட்டை எடுக்கும், அதுவும் பல இடங்களில் தட்டு விழும்போது இல்லை, இரண்டு தட்டுக்கு நடுவில். விரல்கள் சேர்ந்த மறுநிமிடம் கட்டைவிரல் அவற்றின் பின்னாலேயே ஓடிவிடுகிறது, நம் எல்லோருக்கும் இதே வியாதி. அதனால் ஆறு வாரம் வேறெதுவும் தொடவில்லை. பரீட்சையும் வைத்தோம்: கட்டைவிரல் நிற்காமல் போக, சொந்த ஃபோன் நம்பரைப் பின்னாலிருந்து சொல்லவேண்டும். பொருளாளர் நான்காவது எண்ணிலேயே நின்றுவிட்டார் (சங்கக் கணக்கு அவரிடம்தான் இருக்கிறது).

மார்ச்சில் ஒற்றைக் கம்பி வாத்தியம் செய்தோம். ப்ளூஸ் வளர்ந்த மிசிசிப்பி டெல்டாவின் பருத்திக் காட்டுப் பிள்ளைகளில் பலருக்கு முதல் வாத்தியம் அதுதான். துடைப்பத்தைச் சுற்றியிருக்கும் கம்பியை உருவி, வீட்டுச் சுவரில் இரண்டு ஆணி அடித்து இழுத்துக் கட்டி, அடியில் பாட்டிலைச் செருகி, ஒரு கையால் சுண்டிக்கொண்டு இன்னொரு கையால் கண்ணாடித் துண்டை நகர்த்துவார்கள். இந்தப் பழக்கத்தின் வேர் மேற்கு ஆப்பிரிக்காவில். நாங்கள் சுவருக்குப் பதில் பலகையில் அடித்தோம். ஒரு ஆணி பிடுங்கிக்கொண்டதில் கம்பி என் முழங்கையில் அடித்த கோடு இன்னும் தெரிகிறது. ஆனாலும் ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் சுர இடம் காட்டும் குறுக்குக் கட்டை) இல்லாத அந்த ஒரு கம்பியில், இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவே எங்கேயோ இருக்கும் அந்த ப்ளூஸ் சுரத்தை, சிறு வயதில் பாட்டு கற்றவர்கள் உடனே பிடித்தார்கள். கிட்டாரில் பத்து வருடம் கார்ட் அடித்தவர்கள்தான் திணறினார்கள்.

அப்புறம் ட்யூனிங், அதாவது கம்பிகளுக்குச் சுருதி கூட்டும் முறை. கம்பிகளை விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி கார்ட் வரும் ஓப்பன் ஜி-யைப் பழைய ஆட்கள் 'ஸ்பானிஷ்' என்பார்கள், அதேபோல டி கார்ட் வரும் ஓப்பன் டி-யை 'வாஸ்டபோல்' என்பார்கள். இரண்டும் 19-ஆம் நூற்றாண்டில் வீட்டுக் கூடத்தில் வாசித்த கிட்டார் துண்டுகளிலிருந்து வந்த பெயர்கள், வாஸ்டபோல் என்பது செவஸ்தபோல் என்ற ஊர்ப் பெயரின் மருவல். ஆக, ப்ளூஸின் வேர் என்று தோண்டினால் ஒரே இடத்தில் முடிவதில்லை: வயல் வேலையாட்கள் கூவிப் பாடியது, தேவாலயப் பாட்டு, தபாலில் வரவழைத்த மலிவுக் கிட்டார், கூடவே இந்தக் கூடத்து இசையும். ப்ளூஸ் சுற்று ஒன்றுக்குப் பன்னிரண்டு பார் (தாள அளவு) என்ற விஷயத்தில் மெட்ரோனோமோடு (தட்டு எண்ணும் கருவி) சண்டை பிடித்த உறுப்பினருக்கு: டெல்டாக்காரர் சார்லி பேட்டனைக் கேளுங்கள், பாட்டு வரி எங்கே முடிகிறதோ அங்கேதான் அவர் திரும்புவார், பார் கணக்கு கூடக்குறைய வரும்.

அக்டோபரில் 61-ஆம் நெடுஞ்சாலை வழியாகத் தெற்கே போனோம். முதலில் மிசிசிப்பி மாநிலத்து வால்ஸ் என்ற ஊர், அங்கே ப்ளூஸ் பாடகி மெம்பிஸ் மின்னியின் கல்லறை. அந்த அம்மா 1973-இல் இறந்தார், கல் நட்டதோ 1996-இல். அங்கிருந்து டட்வைலர் என்ற ஊர். 1903 வாக்கில் ரயிலுக்குக் காத்திருந்த இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி, கந்தல் உடுத்திய ஒருவர் கிட்டார் கம்பியில் கத்தியை அழுத்தி வாசிப்பதைக் கேட்டு அசந்துபோன இடம் அது. ஸ்டேஷன் கட்டடம் இப்போது இல்லை. அங்கே நின்று நாமும் கத்தியால் முயன்றோம், சத்தத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

கிளார்க்ஸ்டேல் நாற்சந்தியில் வழக்கம்போல, ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சன் வாசிப்புத் திறமைக்காகப் பேயிடம் ஆன்மாவை விற்றது இங்கேயா என்ற கேள்வி. எனக்கு அந்தக் கதையே எரிச்சல். ஹேஸில்ஹர்ஸ்ட் பக்கம் ஐக் ஜிம்மர்மன் என்ற கிட்டார்காரரோடு உட்கார்ந்து, தொந்தரவு இல்லை என்பதற்காக இடுகாட்டில் ராத்திரி ராத்திரியாகப் பழகிய மனிதர் அவர். பதிவு செய்தது மொத்தம் 29 பாட்டு. பாடுபட்டவரின் கணக்கைப் பேய்க்கு எழுதுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

கணக்கு: பயணச் செலவு போகக் கையிருப்பு 41 டாலர். சந்தா பாக்கி மூன்று பேர், பெயர் போடவில்லை, அவர்களுக்கே தெரியும்.

அடுத்த வருடம் ப்ளூஸ் கலைஞர் ஸ்கிப் ஜேம்ஸின் மைனர் (சோகச் சாயல் கொண்ட) ட்யூனிங் தொடலாம் என்று யோசனை, எதிர்ப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லவும். சங்கத்தின் கண்ணாடி ஸ்லைடுகள் (கம்பிமேல் நகர்த்தும் குழாய்கள்) ஏழில் இரண்டுதான் அலமாரியில் இருக்கின்றன. எடுத்துப்போனவர்கள் கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.

செயலாளர்